குளிரில் எழும்பாத பெட்டி

"காலையில ஆன் ஆக மாட்டேங்குதுண்ணே. பத்து மணிக்கு வெயில் ஏறுனாத்தான் உசுரு வருது."

போடிநாயக்கனூர் கடைவீதியிலிருந்து பிரியும் ஒரு சந்தில், இருவர் உட்கார்ந்தால் மூன்றாமவர் நிற்கத்தான் முடியும் என்கிற அளவில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை. சொன்னவர் ஏலத்தோட்டமொன்றில் கணக்கு எழுதும் இளைஞர். போடிமெட்டைத் தாண்டி பூப்பாறை போகும் வழியில் தோட்டம். சிபியூவை ஏலக்காய்ச் சாக்கில் சுற்றி, 17 கொண்டை ஊசி வளைவுகளிலும் மடியைவிட்டு இறக்காமல் பஸ்ஸில் கொண்டுவந்திருந்தார். கடைக்காரரை அந்தச் சந்தே அண்ணன் என்றுதான் அழைக்கிறது. அவர் ஒயரைச் சொருகி பட்டனை அமுக்கினார். உடனே ஓடியது. தம்பியின் முகம் சுண்டிப்போனது.

"சத்தியமா அங்கிட்டு ஓடலண்ணே."

"ஓடாது தம்பி. மலையில ஓடாது, இங்க ஓடும். அதுதான் இதோட நோவு."

எஸ்.எம்.பி.எஸ். என்று எல்லாரும் சொல்லும், கம்ப்யூட்டருக்குக் கரண்டு கொடுக்கும் தகரப் பெட்டியைத் திறந்து வைத்தியம் பார்க்கிறவர்கள் குறைந்துவிட்டார்கள். போனால் தூக்கிப் போட்டுவிட்டு வேறு மாட்டுவதுதான் இப்போது வழக்கம். அண்ணன் இன்னும் திறக்கிறார். அதைப் பார்க்கத்தான் முந்தின நாளிலிருந்து அவர் மேசைக்கு எதிரே உட்கார்ந்திருந்தேன்.

முந்தின நாள் வந்தது இடி தாக்கிய பெட்டி. நான்கு ஸ்க்ரூவையும் கழற்றியதும் மீட்டரைத் தேடவில்லை, மூக்கைக் கொண்டுபோனார். ஊரே ஏலக்காய் மணக்கிற இடத்தில் கருகின வாசத்தைத் தனியாகப் பிரித்தறிய வேண்டியிருக்கிறது. பிறகு பியூஸ். கம்பி மட்டும் அறுந்து கண்ணாடி தெளிவாக இருந்தால் ஒரு கதை, கண்ணாடி உள்ளே கருத்திருந்தால் வேறு கதை. இது கருத்திருந்தது, எங்கோ நேரடி ஷார்ட். "பியூஸ மாத்துறது ரிப்பேர் இல்ல சார். அதக் கொன்னது யாருன்னு பாக்கணும்." டயோடுகளில் இரண்டு இரு பக்கமும் பீப் அடித்தன. அவற்றை மாற்றியும் நேராகக் கரண்டு கொடுக்கவில்லை. நூறு வாட் குண்டு பல்பைச் சீரியலில் போட்டுத்தான் கொடுத்தார். பல்பு ஒரு கணம் மின்னி மங்கினால் ஷார்ட் போய்விட்டது. விடாமல் எரிந்தால் இன்னும் உள்ளே எதிரி இருக்கிறான். மின்னி மங்கியது.

அந்தப் போர்டில் அதிக மின்னழுத்தத்தைத் தாங்கிச் சாக வேண்டிய வேரிஸ்டர் இருக்க வேண்டிய இடம் காலியாகக் கிடந்தது. வடிகட்டும் சுருள் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு துண்டுக் கம்பி. ஸ்டிக்கரில் 450 வாட் என்று அச்சிட்டுவிட்டு உள்ளே இப்படி ஓட்டை விடுகிறவர்கள்மேல் எனக்கு ஆறாத கோபம் வந்தது. இடி விழும் மலைக்கு இதை விற்றிருக்கிறார்கள். பெட்டியைக் கையில் தூக்கிப் பார்த்தே அண்ணன் சொல்லிவிடுகிறார், கனமில்லாத பெட்டியில் சரக்கு இல்லை என்று.

தம்பியின் பெட்டிக்கு வருவோம். கம்ப்யூட்டர் அணைந்திருக்கும்போதும், ஒயர் சொருகியிருக்கும் வரை, இந்தப் பெட்டியில் ஊதா ஒயர் மட்டும் விழித்திருக்கும். அதில் எப்போதும் 5 வோல்ட். பட்டனை அமுக்கும் சேதியை மதர்போர்டு கேட்பதே அந்த உயிரில்தான். இன்டெல் 1995இல் வகுத்த ஏ.டி.எக்ஸ். முறையின் ஏற்பாடு இது. மஞ்சள் 12, சிவப்பு 5, பச்சையைக் கறுப்போடு சேர்த்தால் பெட்டி கிளம்பும் என்பதெல்லாம் போடியிலும் தைவானிலும் ஒன்றுதான்.

அண்ணன் ஊதாவில் மீட்டரை வைத்தார். 5.08. ஐந்து சதவீதம் முன்பின் இருக்கலாம், ஆகவே இது நல்ல கணக்கு. இங்கேதான் பலரும் "நல்லாத்தான இருக்கு" என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். அண்ணன் ஒயரைப் பிடுங்கிவிட்டு, பக்கத்து ஜூஸ் கடையில் ஐஸ் கட்டி வாங்கிவரச் சொன்னார்.

போடியிலிருந்து போடிமெட்டுக்கு ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் ஏற்றம். ஆயிரம் மீட்டருக்கு ஆறரை டிகிரி அளவில் குளிர் கூடும். மழைக்கால விடியலில் இன்னும் கூடும். அந்த விடியலை அவர் மேசைக்கே வரவழைத்தார். முதலில் இரண்டு ஒயர் நீட்டிய சின்ன பல்பைப் பெரிய கெப்பாசிட்டர்களின் காலில் தொட்டு எடுத்தார். 230 வோல்ட் டிசியாகும்போது உச்சம் 325. ஒயரைப் பிடுங்கிய பின்னும் அது அங்கே குந்தியிருக்கும். மீட்டரில் சுழி வந்த பிறகே விரல் உள்ளே போனது. பாலிதீனில் முடிந்த ஐஸை, சின்ன டிரான்ஸ்பார்மர் ஓரம் நின்ற விரல் நுனி அளவு கெப்பாசிட்டர்மேல் சாய்த்துவைத்தார். டீ குடித்தோம். ஐஸை எடுத்துவிட்டு, ஈரம் துடைத்துக் கரண்டு கொடுத்தார்.

ஊதா ஒயரில் 3.6. நிலையாகவும் இல்லை, துடித்தது. பச்சையைக் கறுப்போடு சேர்த்தார், பேன் அசையவில்லை. தம்பி மலையில் பார்த்தது அப்படியே எங்கள் முன்னால் கிடந்தது.

கழற்றிய கெப்பாசிட்டரில் வீக்கமில்லை, கசிவில்லை, பார்க்கப் புதுசு. மேலே 22 மைக்ரோ பாரட், 85 டிகிரி என்று அச்சு. மீட்டர் 6 காட்டியது. அலுமினியத் தகட்டோடு ஈரக் காகிதத்தைச் சுருட்டி அடைத்த குப்பி அது. சூடான ஹீட் சிங்க் ஓரத்தில் வருஷக்கணக்கில் நின்று ஈரம் காய்ந்துபோகிறது. பத்து டிகிரி சூடு கூடினால் ஆயுசு பாதியாகும் என்பது எலக்ட்ரானிக்ஸ்காரர்களின் கைக்கணக்கு. மிச்சமிருக்கும் கொஞ்ச ஈரமும் குளிரில் இறுகிவிட, பெட்டி எழும்பாது. "ஏலக்காய் காஞ்சாத்தான் காசு. இது காஞ்சா கத முடிஞ்சது," என்று சொல்லிக்கொண்டே 105 டிகிரி எழுதிய ஒன்றை டப்பாவிலிருந்து எடுத்தார். ஈயம் நன்றாக ஓடிப் பிடிக்கும்வரை அவர் மூச்சு விட்டதாகத் தெரியவில்லை.

அந்த டப்பாவில் இருப்பதெல்லாம் மதுரையில் வாங்கியவை. 2010 கடைசியில் மதுரைக்கு ஓடிய மீட்டர் கேஜ் ரயில் நின்றது. அகலப்பாதை ரயில் போடிக்கு வர 2023 ஜூன் ஆனது. நடுவில் பன்னிரண்டு வருஷத்துக்கு மேல், பத்து ரூபாய்ச் சாமானுக்கும் பஸ்தான்.

மறுபடி ஐஸ், மறுபடி கரண்டு. 5.1, அசையாமல். லோடாக 12 வோல்ட் பைக் இண்டிகேட்டர் பல்பைக் கொடுத்து அரை மணி ஓட விட்டார். தம்பி பணத்தை எடுக்கும்போது அண்ணன் அவருடைய பவர் ஒயரைத் தூக்கிப் பார்த்தார். பிளக்கில் மூன்றாவது பின் ஒடிக்கப்பட்டிருந்தது.

"கேபினெட்டத் தொட்டா சுரீர்ங்குமே?"

"ஆமாண்ணே. ரப்பர் செருப்பு போட்டுக்குவோம்."

எர்த் இல்லையென்றால் பெட்டிக்குள் வடிகட்டக் கட்டிய கெப்பாசிட்டர்களின் கசிவு தகரத்தில் தங்கும். மீட்டர் வைத்தால் நூறு வோல்ட்டுக்கு மேல்கூடக் காட்டும். சின்னக் கசிவுதான். ஆனால் உள்ளே வேறொன்று பழுதாகி முழுக் கரண்டும் தகரத்துக்கு வந்தால், அதை மண்ணுக்குக் கொண்டுபோக அந்தப் பின்னை விட்டால் வேறு வழியில்லை. பாறை மண்ணில் எர்த் குழி ஆழமாக வேண்டும், கரியும் உப்பும் போட வேண்டும் என்று அண்ணன் பாடம்போல் சொன்னார். புது ஒயர் கொடுத்தார். அதற்குக் காசு வாங்கவில்லை.

அன்று மாலை தம்பியோடு நானும் மலையேறினேன். போடியிலும் புத்தடியிலும் ஸ்பைசஸ் போர்டின் ஏலக்கூடங்களில் வியாபாரிகள் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து பட்டனை அமுக்கித்தான் ஏலக்காய்க்கு விலை கேட்கிறார்கள். அங்கே போகும் மூட்டைகளின் எடையும் எண்ணும் தம்பியின் இந்தப் பழைய சிபியூவில்தான் ஏறுகின்றன. ஒரு காலை முழுக்க அது கிடந்தால் எடைச்சீட்டெல்லாம் கையால் எழுத வேண்டியதாகிவிடும்.

விடியற்காலை ஆறு மணி. ஜன்னலுக்கு வெளியே மூடுபனி. காய் உலர்த்தும் பக்கத்து ஸ்டோரில் இரவெல்லாம் காய்ந்த ஏலத்தின் சூடான வாசம். தம்பி செருப்பில்லாமல் வந்து பட்டனை அமுக்கினார். பேன் ஒரு சுற்று தயங்கவில்லை. திரையில் வெளிச்சம் வந்ததும் என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் கேபினெட்டில் புறங்கையை வைத்தேன். சுரீர் என்றது. ஒயர் புதிது, ஆனால் சுவரில் எர்த்துக்கான பெரிய துளைக்குப் பின்னால் எதுவுமே இல்லை.

தம்பி சிபியூவை அணைத்து ஒயரைப் பிடுங்கினார். பிறகு ஸ்டோர் அடுப்புப் பக்கம் போய், நேற்றைய கரி எத்தனை கூடை தேறும் என்று கேட்டுக்கொண்டிருந்தார்.