கழித்தல் குறி

விமானச் சண்டைகளைப் பதிவு செய்யும் டாக்வியூ என்ற மென்பொருள் சேமித்து வைக்கும் கோப்பை, சுருக்கம் நீக்கி நோட்பேடில் திறந்தால், ஒரு வான்போர் முழுவதும் வெறும் எண்களாகக் கிடக்கிறது. விமானமோ ஏவுகணையோ, ஒவ்வொன்றுக்கும் ஓர் அடையாள எண். பக்கத்திலேயே தீர்க்கரேகை, அட்சரேகை, உயரம், எந்தப் பக்கம் எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்ற கணக்கு. நடுநடுவே நேரத்தைச் சொல்லும் வரி. போன வரியிலிருந்து மாறாததைத் திரும்ப எழுதுவதில்லை. அந்த இடம் காலியாகவே இருக்கும். கெட்டிக்கார கணக்கப்பிள்ளை எழுதிய பேரேடு. சுடப்பட்டோ வேறு விதமாகவோ ஒரு விமானம் களத்திலிருந்து மறைந்துவிட்டால் அதன் எண்ணுக்கு முன்னால் ஒரு கழித்தல் குறி விழுகிறது. இரங்கல் செய்தி அவ்வளவுதான்.

என் அக்கா மகன் டிசிஎஸ் வேர்ல்ட் என்ற கணினி விளையாட்டில் இரவெல்லாம் எஃப்-16 ஓட்டுகிறவன். அவன் பறக்கும் நேரத்தைவிட, விழுந்த பிறகு அந்தப் பதிவைப் போட்டுப் பார்க்கும் நேரம்தான் அதிகம். டாக்வியூவில் விமானங்களுக்குப் பின்னால் பாதை நாடாவாக நீள்கிறது. காலத்தை முன்னும் பின்னும் இழுக்கலாம். எதிராளியின் விமானத்தில் தொற்றிக்கொண்டு அங்கிருந்து நம்மையே பார்க்கலாம். “இங்க பாருங்க மாமா, இந்த இடத்துல கீழ இறங்கியிருந்தா ஏவுகணை என்னைத் தொட்டிருக்காது” என்பான். பார்க்கிறேன். அவன் இறங்குவதில்லை. எத்தனை முறை போட்டாலும் இறங்குவதில்லை.

இது விளையாட்டுப் பிள்ளைகளுக்காகப் பிறந்த ஏற்பாடு அல்ல. வியட்நாம் வானில் தன் விமானிகள் ஏன் சோபிக்கவில்லை என்று 1968இல் அமெரிக்கக் கடற்படை ஃபிராங்க் ஆல்ட் என்ற கேப்டனை விட்டு ஆராயச் சொன்னது. அவர் அறிக்கையை ஒட்டி 1969இல் மிராமரில் டாப்கன் என்ற வான்போர்ப் பயிற்சிப் பள்ளி வந்தது. எழுபதுகளில் அரிசோனாவின் யூமா பயிற்சி வெளியில் ஏசிஎம்ஐ என்ற பதிவுமுறை வந்தது. ஏவுகணை மாட்டும் இடத்தில் ஏவுகணை போலவே ஒரு கருவியை மாட்டிவிடுவார்கள். அது சொல்வதைத் தரையில் உள்ள நிலையங்கள் வாங்கித் திரையில் சண்டையை வரைந்து காட்டும். அதுவரை, தரையிறங்கிய விமானிகள் இரண்டு உள்ளங்கைகளையும் விமானங்களாக்கித்தான் கதை சொன்னார்கள். கரும்பலகையை முதலில் எட்டியவரே சண்டையில் ஜெயித்தவர் என்று அவர்களுக்குள் ஒரு கேலிகூட உண்டு. 1998இல் வீட்டுக் கணினிக்கு வந்த ஃபால்கன் 4.0 விளையாட்டிலும் இந்தப் பதிவு வசதி அதே பெயரில் இருந்தது. டாக்வியூ கோப்பின் வாலிலும் இன்றுவரை ஏசிஎம்ஐதான் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

எனக்கு இதைப் பார்த்தால், கண் தெரியாத அரசன் திருதராஷ்டிரனுக்குப் பாரதப் போரை விவரித்த சஞ்சயன் நினைவு வருகிறது. உடனே ‘நேரடி ஒளிபரப்பு’ என்பார்கள். மேடைப் பேச்சாளர்கள் கெடுத்த கெடுதல் அது. வியாச பாரதத்தின் பீஷ்ம பருவத்தைப் புரட்டினால், பத்து நாள் போர் நடந்தபின் சஞ்சயன் களத்திலிருந்து அஸ்தினாபுரத்துக்கு ஓடி வருகிறான். வந்ததும் வராததுமாக, பீஷ்மர் விழுந்துவிட்டார் என்கிறான். முடிவைப் போட்டு உடைத்துவிட்டுத்தான், முதல் நாளிலிருந்து சொல்லத் தொடங்குகிறான். துரோணர், கர்ணன், சல்லியன் விஷயத்திலும் இதே முறைதான்: முதலில் சாவுச் செய்தி, பிறகு விவரம். இது ஒளிபரப்பல்ல, சாங்கோபாங்கமான மறுஓட்டம்.

வியாசர் அவனுக்குக் கொடுத்த வரமும் லேசானதல்ல. பகலோ இரவோ எல்லாம் தெரியும், ஆயுதம் அவனைத் தீண்டாது, மனிதர்கள் மனத்தில் நினைப்பதுகூடப் புலப்படும். இந்தக் கடைசி வசதி டாக்வியூவில் இல்லை; விமானியின் உடம்பை எத்தனை ஜி அழுத்தியது என்று சொல்லும், அவன் எப்போது பயந்தான் என்று சொல்லாது. துரியோதனன் உயிர் போனதும் சஞ்சயனின் திவ்ய திருஷ்டியும் போய்விடுகிறது. ஆட்டம் முடிந்தால் பதிவும் நிற்க வேண்டியதுதானே.

முடிவு தெரிந்த கதையைத் திருதராஷ்டிரன் ஏன் விடாமல் கேட்கிறான்? அந்தக் கண்ணையே வியாசர் முதலில் அவனுக்குத்தான் தர முன்வந்தார். சொந்தங்கள் வெட்டிக்கொள்வதைப் பார்க்க மாட்டேன், கேட்டால் போதும் என்று ஒதுங்கினவன் அவன். கேட்கக் கேட்க, நம் பக்கம் இத்தனை வீரர்கள் இருந்தும் எப்படித் தோற்றோம் என்று புலம்புவான், விதி என்பான். சஞ்சயன் விடுவதில்லை. எல்லாம் உன் வினைதான், அரசே, மனத்தைத் திடப்படுத்திக்கொண்டு கேள் என்பான்.

அக்கா மகனும் அங்கேதான் வந்து நிற்கிறான். நாடாக்களை அலசி முடித்ததும் “லேக் மாமா, நெட் சரியில்லை” என்கிறான். விதிக்கு அவன் தலைமுறையில் லேக் என்று பெயர். மென்பொருள் அவனை மறுத்துப் பேசாது. டாப்கன் பள்ளியில் அந்த வேலைக்குச் சம்பளத்துக்கு ஆள் வைத்திருக்கிறார்கள்; பயிற்றுநர் திரையை நிறுத்தி, இது உன் தப்பு என்று முகத்துக்கு நேரே சொல்வார். பதிவைவிட அந்த ஆள்தான் முக்கியம் என்பது என் கட்சி. திருதராஷ்டிரனை எவ்வளவு திட்டினாலும் இந்த ஒரு பெருமையை அவனுக்குக் கொடுத்தாக வேண்டும்: வாய்க்கு வாய் குற்றம் சொன்ன சஞ்சயனை அவன் வேலையை விட்டு நீக்கவில்லை. கடைசிக் காலத்தில் காட்டுக்குப் போனபோதும் கூடவே வைத்துக்கொண்டான்.