யாரும் கூட்டாத கணக்கு

குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டால் எங்கள் பக்கத்தில் எல்லா வலிக்கும் ஒரே வைத்தியம்தான். உடம்பு முழுக்க எண்ணெய் மசாஜ், அப்புறம் ஐந்தருவியில் முதுகைக் காட்டிக்கொண்டு அரை மணி நேரம். என் முழங்காலுக்கு அது பரம சுகம். ஆனால் பந்து வீசுகிற 14 வயதுப் பையன் முதுகு வலிக்கிறது என்றால் அருவிக்குக் கூட்டிப் போகாதீர்கள். நாள்தான் வீணாகும்.

என் மகள் வயிற்றுப் பேரன் வலக்கை வேகப்பந்து வீச்சாளன். சங்கர் நகர் மைதானத்தில் டி.என்.பி.எல். ஆட்டம் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து அவனுக்கு வேறு நினைப்பே கிடையாது. போன வருடம் ஆனி மாதம் கீழ்முதுகில் இடப்பக்கமாக வலி என்றான். பந்து போட்டால் வலிக்கும், படுத்தால் வலிக்காது. "லேசாப் பிடிச்சிருக்கு தாத்தா, அருவியில நின்னா சரியாயிரும்" என்றான். வீட்டிலும் அதையே சொன்னார்கள். நான் கேட்காமல் திருநெல்வேலிக்கு பஸ் ஏற்றிவிட்டேன். எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்த எலும்பு மருத்துவர், முதுகெலும்பில் விரிசல் விழத் தொடங்கியிருக்கிறது, நான்கு மாதம் பந்தைத் தொடக்கூடாது என்றார். பையன் அழுதுவிட்டான். அடுத்த மாதம் மாவட்ட அணித் தேர்வு இருந்தது.

அவர் விளக்கியது எனக்குப் புரிந்த அளவில் இதுதான். வேகமாக ஓடி வந்து முன்காலை ஊன்றும்போது, உடம்பு எடையைப் போலப் பல மடங்கு பாரம் மேலே ஏறுகிறது. அதே நொடியில் முதுகு பின்னால் வளைந்து, பக்கவாட்டில் சாய்ந்து, திரும்பவும் செய்கிறது. வலக்கைக்காரனுக்கு அந்த அடி பெரும்பாலும் இடப்பக்க எலும்பில் விழும். ஒரு பந்தால் ஒன்றும் ஆகாது. ஓய்வில்லாமல் போட்டுக்கொண்டே இருந்தால், எலும்பு தன்னைச் சரிசெய்துகொள்ள நேரமில்லாமல் கீறல் விடுகிறது. கீழ்முதுகு எலும்பு முழுதாக முற்ற இருபது வயது தாண்டிவிடுமாம்.

அமெரிக்காவில் பேஸ்பால் எறியும் சிறுவர்களுக்கு இதே தொல்லை முழங்கையில், தோளில் வருகிறது. பாண்டிச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தபோது 'கார்த்திலாஜ் தெ க்ருவாசான்ஸ்' என்று மனப்பாடம் செய்தோமே, வளரும் எலும்பின் நுனிக் குருத்து, அது அங்கே விட்டுப்போகிறது. (அந்தப் பாடம் இத்தனை வருடம் கழித்து உதவும் என்று யார் கண்டது!) அதனால் அங்கே எண்ணிக்கை வைத்துவிட்டார்கள். 13, 14 வயதுப் பையன் ஒரு நாளில் 95 எறிக்கு மேல் எறியக்கூடாது. 66ஐத் தொட்டாலே நான்கு நாள் ஓய்வு. இங்கிலாந்து கிரிக்கெட்டில் 15 வயதுக்குட்பட்ட வேகப்பந்து வீச்சாளனுக்கு ஒரு மூச்சில் 6 ஓவர், ஒரு நாளில் 12 ஓவர் என்று வரம்பு வைத்தார்கள். வாரத்தில் நான்கு நாளுக்கு மேல் வீச வேண்டாம் என்றும் சொன்னார்கள்.

கருவூலத்தில் குப்பை கொட்டியவன் அல்லவா, பேரனை உட்கார வைத்து ஒரு வாரக் கணக்கை எழுதினேன். செவ்வாய், வியாழன் கோச்சிடம் வலைப்பயிற்சி, 108 பந்து. புதன் பள்ளியில் 36. சனி மேட்ச், 8 ஓவர், 48. ஞாயிறு டென்னிஸ் பந்துப் போட்டி மூன்று, ஒவ்வொன்றிலும் 2 ஓவர், 36. வெள்ளி சாயங்காலம் தெருவில் ஒரு 40. ஆக மொத்தம் 268 பந்து, ஆறு நாளில்.

கோச்சிடம் போய்க் கேட்டேன். "என்கிட்ட வாரத்துல மூணு நாள்தான் சார் போடுறான்" என்றார். உண்மை. பள்ளி பி.டி. சார், "ஒரு நாள்தானே ஐயா" என்றார். அதுவும் உண்மை. டென்னிஸ் பந்துப் போட்டி நடத்துகிறவர்களுக்கு 2 ஓவர்தான் தெரியும். எல்லாத் துணைக் கணக்கும் சரி. மொத்தத்தைக் கூட்ட ஆள் இல்லை. எங்கள் ஆபீசில் இப்படி ஒரு பேரேடு இருந்திருந்தால் தணிக்கையில் தொலைந்திருப்போம்.

நம்ம ஊர் லட்சுமிபதி பாலாஜியை நினைவிருக்கும். 2004 பாகிஸ்தான் பயணத்தில் கொடிகட்டிப் பறந்தவர். முதுகில் இதே விரிசல் வந்து மூன்று வருடம் போல ஆட்டமே போயிற்று. வீச்சையே மாற்றிக்கொண்டு திரும்பி, 2008இல் சேப்பாக்கத்தில் ஐ.பி.எல்.லின் முதல் ஹாட்ரிக்கை எடுத்தார். சென்னையில் எம்.ஆர்.எஃப். பயிற்சி மையத்தை 1987 முதல் நடத்திக்கொடுத்த டென்னிஸ் லில்லிக்கும் 1973இல் முதுகு உடைந்ததுதான். பும்ரா 2023இல் நியூசிலாந்து வரை போய் முதுகில் அறுவை செய்துகொண்டார். அவர்களுக்குப் பின்னால் மருத்துவர் கூட்டமே நின்றது. நம் பிள்ளைகளுக்கு நாம்தான் இருக்கிறோம். பெற்றோருக்கு வேலை இருக்கிறது, நமக்கு நேரம் இருக்கிறது.

40 பக்க நோட்டு ஒன்று வாங்கினேன். தேதி, இடம், பந்து, வலி உண்டா இல்லையா என்று நான்கு கோடு. கோச் முதலில் சிரித்தார். இப்போது அவரே வாங்கிப் பார்த்துவிட்டு, "இன்னைக்கு இவன் பேட்டிங் மட்டும்" என்கிறார். இன்னும் இரண்டு பையன்களின் பாட்டிமார் நோட்டு வாங்கியிருக்கிறார்கள்.

தை பிறந்ததும் மருத்துவர் வாரத்துக்கு மூன்று நாள், நாளுக்கு 24 பந்து என்று ஆரம்பிக்கச் சொன்னார். இப்போது 36 ஆகியிருக்கிறது. நேற்று 30 போட்டதும் மழை வந்துவிட்டது. மீதி ஆறை நாளைக் கணக்கில் சேர்க்கலாமா என்று பயல் கேட்கிறான். மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.