ஆறா, எட்டா?

"ஃபிலிமைச் சுத்துன பிறகுதான் இதுல ஸ்பீடு மாத்தணும். முன்னாடியே மாத்துனா உள்ள உடைஞ்சிரும்" என்றபடி ஸோர்க்கி-4 கேமராவை என் கையில் கொடுத்தார் பாய். காம்பூர் ராபிட் ஷட்டர் உள்ள பழைய ரோலைஃபிளெக்ஸில் இதற்கு நேர்எதிர். 1/500 வேண்டுமென்றால் ஷட்டரை ஏற்றுவதற்கு முன்பே வைத்துவிட வேண்டும். அந்த வேகத்துக்கென்று கூடுதலாக ஒரு ஸ்பிரிங் இருக்கிறது. கேமராவைப் புரட்டிப் பார்த்தால் இதெல்லாம் தெரியாது. கையேட்டில் ஓரிரு வரியில் இருக்கும்.

திருவல்லிக்கேணியில் ஒரு மாடி அறையில் பாய் கேமரா பழுது பார்க்கிறார். எதிரே ஓர் இளம்பெண் கேமராக் கையேடுகளை ஸ்கேன் செய்கிறார். ஸ்டேப்பிளைப் பிரித்து, தாள் தாளாக 600 டிபிஐ-யில் எடுக்கிறார். அச்சுப் படத்தின் புள்ளிகளால் திரையில் அலையலையாகக் கோடு விழும். அதை நீக்க வேண்டும். பிறகு மஞ்சளேறிய தாளை வெளுக்க வேண்டும்.

"ஏம்மா, இங்க இருந்த அம்புக்குறி எங்க போச்சு?" என்று பாய் திரையைக் காட்டினார். சாம்பல் நிறத்து மெல்லிய அம்பு வெளுப்போடு கரைந்திருந்தது. அந்தப் பக்கத்தை மூலப்படத்திலிருந்து மறுபடி தொடங்கினார் அந்தப் பெண். பளிச்சென்ற பக்கத்தைவிட அம்புள்ள அழுக்குப் பக்கமே மேல் என்பேன்.

பல கையேடுகளில் அட்டையோடு ஒரு மடிப்புத்தாள் வரும். அதை விரித்து வைத்துக்கொண்டு படித்தால், உரை சொல்லும் 7-ஆம் எண் பாகம் எது என்று பக்கத்திலேயே தெரியும். அவசரமாக எடுத்த பிரதிகளில் அந்தத் தாள் இரண்டாக வெட்டுப்பட்டுக் கிடக்கும். இவர் அதை ஒட்டி, உரையிலுள்ள எண்களைப் படத்தோடு இணைக்கிறார். அதிக நேரம் தின்னும் வேலை இதுதான். காகிதக் கையேட்டில் இல்லாத வசதியும் இதனால்தான் கிடைக்கிறது.

கோப்பின் அளவைக் குறைப்பதில் இவருக்குப் பயம் உண்டு. 2013-இல் டேவிட் கிரீசல் என்ற ஜெர்மன் கணினி அறிஞர், சில ஜெராக்ஸ் இயந்திரங்கள் ஸ்கேன் செய்த தாளில் 6-ஐ 8 ஆக மாற்றிவிடுவதைக் கண்டுபிடித்தார். ஏறக்குறைய ஒன்றுபோலிருக்கும் வடிவங்களை ஒரே வடிவமாகச் சேமிக்கும் சுருக்க முறைதான் காரணம். மங்கிய எண் என்றால் சந்தேகம் வரும். தெளிவாக அச்சான தவறான எண்ணை யார் சந்தேகிப்பார்கள்? அதனால் தூர அட்டவணை வரும்போதெல்லாம் "பாய், இது ஆறா எட்டா?" என்று குரல் கொடுக்கிறார். பாய் லென்ஸ் வளையத்தைப் பார்த்துச் சொல்கிறார்.

யாஷிகா மேட் 124ஜி கேட்கும் 1.35 வோல்ட் பாதரச பேட்டரி இன்று கடைகளில் இல்லை. 1.5 வோல்ட் அல்கலைன் போட்டால் மீட்டர் வெளிச்சத்தைக் கூட்டிக் காட்டும், படம் இருண்டுவிடும். காது கேட்கும் கருவிக்கான துத்தநாக-காற்று பேட்டரி ஓரளவு பொருந்தும். இந்தக் குறிப்பைத் தேதி போட்டுத் தனிப் பக்கமாகச் சேர்க்கிறார்கள். "கம்பெனி எழுதுனதுல நாம கை வைக்கக் கூடாது" என்பதில் பாய் கறாராக இருக்கிறார். எனக்கும் அதுவே சரியென்று படுகிறது.

இப்போது அவர்கள் தேடுவது, இந்தியாவிலேயே தயாரான அக்ஃபா கிளிக் III-இன் கையேட்டை. எந்த மொழியானாலும் சரி, கிழிந்திருந்தாலும் சரி.