பட்டியலில் இல்லாத ஒன்று

மலேசியாவில் 2019ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற பெக்கா பி40 திட்டம், 40 வயதும் அதற்கு மேலும் ஆகிய குறைந்த வருமானத்தார்க்கு இலவச உடற்பரிசோதனை அளிக்கிறது. பங்குபெறும் கிளினிக்குகளை இணையத்தில் தேடிக் காணலாம். ஏற்பாடு நன்றே. ஆயினும், தோட்டத்தில் பால்மரம் சீவி முதுமையெய்திய அன்னையர்க்கு அப்பட்டியல் எட்டாக்கனி. பேரன் கைப்பேசியைத் திறந்தாலன்றி அது திறவாது. பேரனோ சிங்கப்பூர் வேலையில்! திறந்தாலும், முகவரி கிடைக்குமேயன்றி, மருத்துவர் தமிழறிவாரா என்பது கிடைக்காது. “நெஞ்சு கரிக்குதய்யா” என்று மட்டுமே சொல்லத் தெரிந்தவருக்கு அதுவன்றோ முதற்கேள்வி? எனவே, உரிமையிருந்தும், கடையில் வாங்கிய மாத்திரையை விழுங்கிவிட்டுப் படுத்துக்கொள்கின்றனர். தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு பயிலும் சிறுவனும் பட்டியலைத் தேடி, தொலைபேசியில் விசாரித்தும் சொல்லவல்லான். அவனைக் கேட்பார்தாம் இல்லை.