வந்தது எங்கே போகிறது?

தாவரங்களின் கடத்தலும் விலங்குகளின் சுற்றோட்டமும் பள்ளிப் புத்தகங்களில் அடுத்தடுத்து வரும். சேர்த்து வைத்தவர்கள் நல்லெண்ணத்தில்தான் வைத்திருப்பார்கள். பிள்ளைகளோ அதிலிருந்து தப்பான ஒரு பொருத்தத்தை எடுத்துக்கொள்கிறார்கள்: சைலம் என்றால் தமனி, புளோயம் என்றால் சிரை, வேர் என்றால் இதயம். உல்லாஸ்நகர் நாலாம் கேம்ப்பில் டியூஷன் எடுக்கும் எனக்கு இந்தப் பாடம் வந்தால் முதல் வேலை, அந்தப் பொருத்தத்தைக் கலைப்பது.

அதற்குக் காசித்தும்பை போதும். மழைக்காலத்தில் இந்தப் பக்கத்துக் குன்றுகளில் தானாக முளைக்கும். மராட்டியர்கள் ‘தேர்டா’ என்பார்கள். கௌரி பூஜைக்கு வேண்டும் என்பதால் கணபதி சமயத்தில் சந்தையிலும் கிடைக்கும். தண்டு நீர்கோத்து வெளிறி இருப்பதால் உள்ளே ஏறுவது வெளியிலிருந்தே தெரியும். ஒரு தண்டை இலையோடும், இன்னொன்றை இலைகளைக் கிள்ளிவிட்டும் சிவப்பு மை கலந்த தண்ணீரில் நிறுத்தி, மின்விசிறியைச் சுழலவிடுவேன். இலையுள்ள தண்டில் சிவப்புக் கோடுகள் விறுவிறுவென்று ஏறி நரம்புகளுக்குள் பிரியும். மொட்டைத் தண்டில் கோடு சோம்பலாக நகரும். இரண்டுக்கும் வேரை வெட்டியாயிற்று. அப்படியானால் தண்ணீரை யார் தள்ளியது?

“மோட்டார் மேலே இருக்கு டீச்சர்” என்பான் யாராவது ஒருவன். நல்ல பதில், ஆனால் அதை அப்படியே விடக்கூடாது. எங்கள் கட்டடங்களில் மோட்டார் எப்போதும் தரையில்தான் இருக்கும். மொட்டை மாடியில் வைத்து உறிஞ்சினால் தண்ணீர் சுமார் 10 மீட்டருக்கு மேல் வராது. காற்றழுத்தத்துக்கு அவ்வளவுதான் தெம்பு. தென்னை 20 மீட்டரைத் தாண்டும். கலிபோர்னியாவின் செம்மரங்கள் 100 மீட்டரையும் தாண்டும். இலைத்துளை வழியாக நீர் ஆவியாகும்போது, மெல்லிய சைலக் குழாய்களுக்குள் ஒன்றையொன்று விடாமல் பற்றியிருக்கும் நீர் மூலக்கூறுகள் அடிவரை இழுபடுகின்றன. டப்ளினைச் சேர்ந்த டிக்ஸனும் ஜோலியும் 1894-இல் சொன்ன விளக்கம் இது. வேரழுத்தம் என்று ஒன்றும் உண்டு. அதிகாலையில் புல்நுனியில் முத்துமுத்தாக நிற்கும் நீர் அதன் வேலை. உயர்ந்த மரத்துக்கு அது போதாது.

ஜகதீஷ் சந்திர போஸை இங்கே சொல்லாமல் என்னால் தாண்ட முடியாது. தண்டுக்குள் துடிக்கும் செல்கள்தான் நீரை மேலே ஏற்றுகின்றன என்று 1923-இல் புத்தகமே எழுதினார். பிள்ளைகளுக்கு இது ரொம்பப் பிடிக்கும், எனக்கும்தான். ஆனால் அதற்குச் சுமார் முப்பது ஆண்டுகளுக்கு முன்பே ஜெர்மனியில் ஸ்ட்ராஸ்பர்கர் என்ற தாவரவியலாளர் மரத்தை அடியில் வெட்டி நஞ்சுக் கரைசலில் நிறுத்திப் பார்த்துவிட்டார். நஞ்சு வழியிலிருந்த உயிருள்ள செல்களைக் கொன்றபடியே உச்சிவரை ஏறியது. செத்த குழாயிலும் நீர் ஏறுகிறது என்றால் அங்கே இதயத்துக்கு வேலையில்லை. ஏறிய நீரில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்குக்கு மேல் ஆவியாய்ப் போய்விடும். செடி அதைத் திரும்பக் கேட்பதில்லை.

உடம்பின் கதை நேரெதிர். கட்டைவிரலை விட்டுவிட்டு (அதற்கே ஒரு துடிப்பு உண்டு, குழப்பும்) மற்ற இரண்டு விரல்களை மணிக்கட்டில் வைத்து நாடியை எண்ணச் சொல்வேன். பெரியவர் ஒருவருக்குத் துடிப்புக்கு 70 மில்லி, நிமிடத்துக்கு 70 துடிப்பு என்று பெருக்கினால் ஏறக்குறைய 5 லிட்டர். உடம்பில் உள்ள மொத்த ரத்தமே அவ்வளவுதான். நிமிடந்தோறும் புதிது ஊற முடியாது, ஆகவே அதே ரத்தம்தான் சுற்றிவர வேண்டும். ஆங்கிலேய மருத்துவர் வில்லியம் ஹார்வி 1628-இல் வெளியிட்ட வாதத்தின் சாரம் இந்தப் பெருக்கல்.

ரத்தத்தில் உள்ள இரும்பும் அப்படியே சுற்றும். சிவப்பணு சுமார் 120 நாளில் உடைந்தால் அதன் இரும்பை எலும்பு மஜ்ஜை மறுபடி வாங்கிக்கொள்ளும். சாப்பாட்டிலிருந்து நாளுக்கு 1, 2 மில்லிகிராம்தான் உள்ளே சேரும். உதிரும் தோலோடும் குடல் செல்களோடும் அதே அளவுதான் போகும். மிஞ்சியதைத் தள்ளிவிட உடம்புக்குத் தனி வழி கிடையாது.

இந்த ஊரில் இது வெறும் பாடமல்ல. பிரிவினைக்குப் பின் கல்யாண் அருகே ராணுவ முகாமில் குடியேறிய சிந்தி அகதிகளால் உருவான நகரம் இது. 1949-இல்தான் உல்லாஸ்நகர் என்று பெயர் வைத்தார்கள். சிந்தி மக்களிடையே, ஹீமோகுளோபின் சரியாக உருவாகாத தலசீமியா என்ற பரம்பரை நோயின் மரபணுவைச் சுமப்பவர்கள் மற்றவர்களைவிட அதிகம். என் வகுப்பில் மூன்று வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் ஏற்றிக்கொள்ளும் ஒரு பெண் இருந்தாள். ஊட்டச்சத்துப் பாடத்தில் இரும்புக்குக் கீரை, பேரீச்சை, வெல்லம் என்று பையன்கள் அடுக்கிக்கொண்டிருந்தபோது, “எனக்கு அதையெல்லாம் குறைச்சுக்கச் சொல்லியிருக்காங்க டீச்சர். சாப்பாட்டோட பால் ஊத்தாத டீ குடிக்கணும்” என்றாள் இந்தியில். டீ இரும்பு சேருவதைத் தடுக்கும் என்று நான் சொல்வதற்குள் அவளே சொல்லிவிட்டாள்.

ஒரு பை ரத்தத்தில் 200 முதல் 250 மில்லிகிராம் இரும்பு இருக்கும். நூறு நாளுக்கு மேல் சாப்பாட்டில் சேரவேண்டியது ஒரே மதியத்தில் உள்ளே இறங்குகிறது. வெளியேற வழியில்லாததால் கல்லீரலிலும் இதயத்திலும் படிகிறது. இரும்பைப் பிடித்து இழுத்துவர மருந்து உண்டு. தன்னுடைய மாத்திரையால் சிறுநீர் செம்பழுப்பாகப் போகும் என்று அவள் கூச்சமில்லாமல் சொன்னாள். பின்வரிசையில் சிரிப்பு எழுந்தது. “அந்த நிறம்தான் வெளியே போற இரும்பு” என்று அவள் அதட்டியதும் அடங்கியது. அப்போது ஒருவன், “செடிக்கு இந்தத் தொல்லை இல்லையா?” என்று கேட்டான். நீர் ஆவியாய்ப் போனாலும் உப்பு தங்கும். மும்ப்ரா பக்கம் லோக்கல் ரயிலிலிருந்து தெரியும் கழிமுகத்து அலையாத்திகளில், வெண்கண்டல் இலையில் உப்பைக் கசியவிடும் சுரப்பிகளே இருக்கின்றன. இலையை நக்கினால் கரிக்கும்.

மரபணுவைச் சுமக்க மட்டும் செய்பவர்களுக்கு நோய் தெரியாது. ஹீமோகுளோபின் கொஞ்சம் குறைவாக, சிவப்பணு சிறியதாக இருக்கும். இரும்புக் குறைவு என்று நினைத்து வருஷக்கணக்கில் டானிக் குடிப்பவர்கள் உண்டு. ஹீமோகுளோபின் ஏ2 அளவு 3.5 சதவீதத்துக்கு மேல் இருக்கிறதா என்று பார்க்கும் ரத்தப் பரிசோதனையில் பெரும்பாலும் பிடிபட்டுவிடும். கணவன், மனைவி இருவருமே சுமப்பவர்கள் என்றால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் குழந்தைக்கு நோய் வர நாலில் ஒரு வாய்ப்பு. தமிழருக்கு இது வராது என்று எங்கள் ஆட்கள் நினைப்பதையும் நான் விடுவதில்லை. சிந்திகளைவிடக் குறைவு, அவ்வளவுதான்.

இதற்கு ஒரு மாலை முழுதும் போய்விடுகிறது. இதய வால்வுகளை அடுத்த வகுப்புக்குத் தள்ளவேண்டி வருகிறது. மகனை அழைத்துப்போக வந்த ஓர் அப்பா வாசலில் நின்று கேட்டுவிட்டு, “இதெல்லாம் போர்டு எக்ஸாம்ல வருமா டீச்சர்?” என்றார். வராது என்றேன். அவர் செல்போனை எடுத்து, பரிசோதனையின் பெயரை இன்னொரு தடவை சொல்லச் சொன்னார்.