ஒரே மழை

‘தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால் தெரியும்’ என்பது நம் முன்னோர் வாக்கு. பிறர் நோயை உணர மறுத்தவனாக நானும் ஒரு நாள் நின்றேன். அதனை ஆசிரியர்க்கும் ஆசிரியராக வரவிருப்போர்க்கும் சொல்லிவிடுவது என் கடமையெனக் கருதுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன்பு, நான் பணியாற்றிய பள்ளியில் ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன், பாடம் தொடங்கிய சிறிது நேரத்திற்கெல்லாம் கழிப்பறை செல்ல அனுமதி கேட்பான். நாள்தோறும் நான்கு முறை, ஐந்து முறை. கணக்குக்கு அஞ்சி நழுவுகிறான் என்றார் வகுப்பாசிரியர். நானும் அவ்வாறே எண்ணினேன். கணக்குத் தேர்வன்று அவன் கையை உயர்த்தியபோது, “முடித்துவிட்டுப் போகலாம், உட்கார்” என்றேன். உட்கார்ந்தான். அதன்பின் நடந்ததை எழுத என் எழுதுகோல் கூசுகிறது. மறுநாள் அவன் பள்ளிக்கு வரவில்லை. அடுத்த வாரமும் வரவில்லை.

இரண்டு மாதம் கழித்து, மருத்துவமனைக் கடிதத்துடன் அவன் தாயார் வந்தார். ‘கிரோன் நோய்’ என்று அதில் எழுதியிருந்தது. அவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை, ஒரு கேள்விதான் கேட்டார்: “ஐயா, ஆண்டுத் தொடக்கத்தில் வகுப்பில் எத்தனையோ பிள்ளைகளுக்கு வாந்திபேதி வந்தது. மூன்று நாளில் எல்லாரும் எழுந்து ஓடினார்கள். என் பிள்ளைக்கு மட்டும் ஏன் நிற்கவில்லை? என் சமையலில் குறையா?”

திருக்குறளின் மருந்து அதிகாரத்தைப் பல்லாண்டு கற்பித்தவன் நான். நோயின் காரணத்தை ஆராய வேண்டும் என்று வள்ளுவர் வலியுறுத்தியதை எத்தனையோ முறை விளக்கியிருக்கிறேன். ஆயினும் அவ்வன்னைக்கு விடை கூற என்னால் இயலவில்லை. அன்று தொடங்கித் தேடிப் படித்தேன்.

குடல் அழற்சி நோய் பெரும்பாலும் இருவகைப்படும். பெருங்குடலின் உட்சுவரைப் புண்ணாக்குவது ஒன்று. உணவுப்பாதையில் வாய் முதல் குதம் வரை எவ்விடத்தும் தோன்றக்கூடிய கிரோன் நோய் மற்றொன்று. 1932ஆம் ஆண்டு நியூயார்க் நகரில் கிரோன், கின்ஸ்பர்க், ஓப்பன்ஹைமர் என்னும் மருத்துவர் மூவர் இதனை விரித்துரைத்தனர். உடலைக் காக்க வேண்டிய நோயெதிர்ப்பு ஆற்றல் நெறிதவறிக் குடலையே தாக்குவதால் வலி, பேதி, எடைக்குறைவு ஆகியவை உண்டாகின்றன. பேராக் மாநிலத்துக் கிந்தா பள்ளத்தாக்கில் நடந்த ஆய்வில், இந்நோய் இந்தியரிடையே மிகுதியாகக் காணப்பட்டது. நம் வகுப்பறைக்கு அயலான நோயன்று இது.

இதில் வைரசு எனப்படும் நச்சுயிரிக்குப் பங்குண்டா? 2010ஆம் ஆண்டு, அமெரிக்காவின் செயிண்ட் லூயிஸ் நகர ஆய்வாளர் எலிகளிடம் கண்டதொன்றை வெளியிட்டனர். கிரோன் நோயுடன் தொடர்புடைய மரபணுவொன்றில் அவ்வெலிகளுக்குக் குறையிருந்தது. கிருமிகள் அணுகாமல் காக்கப்பட்டவரை அவற்றின் குடலில் பழுதில்லை. மனிதர்க்கு வாந்திபேதி தரும் நோரோ நச்சுயிரியின் இனத்தைச் சேர்ந்த எலி நச்சுயிரி தொற்றியதும், குடலின் காவல் உயிரணுக்கள் சீர்கெட்டன. மரபணுக் குறையற்ற எலிகளை அதே நச்சுயிரி தொற்றியபோது அக்கேடு தோன்றவில்லை. குடலைப் புண்படுத்தும் வேதிப்பொருளும் சேர்ந்தபோது கிரோன் நோயை ஒத்த அழற்சி எழுந்தது. குடல்வாழ் பாக்டீரியாக்களை மருந்தால் ஒடுக்கியபோதோ அது தணிந்தது.

மரபணு மட்டும் அன்று; நச்சுயிரி மட்டும் அன்று; பல கூடியே நோய் விளைகிறது. ஊர் முழுதும் பெய்வது ஒரே மழைதான்; ஓட்டையுள்ள கூரைதான் ஒழுகுகிறது.

எலிக்குப் பொருந்துவதெல்லாம் மனிதனுக்கும் பொருந்திவிடாது. அச்சிறுவனின் நோய்க்கு அந்த வாந்திபேதியே காரணம் என எம்மருத்துவரும் அறுதியிட்டுக் கூறவில்லை. 1990களில் தட்டம்மை நச்சுயிரியின்மேலும் அதன் தடுப்பூசியின்மேலும் சிலர் இந்நோய்க்கான பழியைச் சுமத்தினர். பின்வந்த ஆய்வுகள் அதனை மெய்ப்பிக்கவில்லை. அவசரத் தீர்ப்பு ஆய்வுக்கூடத்திலும் உண்டு. தலைமையாசிரியர் அறையிலும் உண்டு.

அவ்வன்னையை மீண்டும் கண்டபோது, “அம்மா, உங்கள் சமையலில் குறையில்லை. குறை என் தீர்ப்பில்தான் இருந்தது” என்றேன். அவர் கண் கலங்கினார்.

மருந்தால் நோய் அடங்கிச் சிறுவன் பள்ளிக்குத் திரும்பினான். கதவோரம் அவனுக்கு இடம் ஒதுக்கினோம். கழிப்பறை செல்ல எந்தப் பிள்ளையும் காரணம் கூற வேண்டியதில்லை என்று அன்றே விதி செய்தேன். அடிக்கடி எழுந்து செல்லும் பிள்ளை மெலிந்தும் வருகிறதா என்று பார்த்துப் பெற்றோரிடம் சொல்லுமாறு ஆசிரியர்களைக் கேட்டுக்கொண்டேன்.

பின்பு அவனைத் தனியே அழைத்து மன்னிப்புக் கேட்டேன். சற்றுநேரம் தலைகுனிந்து நின்றவன் சொன்னான்: “பரவாயில்லை ஐயா. அந்தக் கணக்குத் தேர்வை நான் மறுபடியும் எழுதலாமா?”

கணக்குக்கு அஞ்சியவன் கேட்கும் கேள்வியா அது?