பில்லு யாருக்கு?

மக்களே, ரொம்ப நாளா கடைப்பக்கம் வரல. மில்லுல வருஷக் கணக்கு முடிக்கிற வேலை, தங்கமணிக்கு முட்டிவலி, இப்படி ஏதோ ஒண்ணு. இந்தப் பதிவை 2023-லயே எழுதியிருக்கணும். அப்ப இருந்த கோபத்துல ஏதாவது பேரைப் போட்டு வம்புல மாட்டியிருப்பேன். இப்ப கொஞ்சம் ஆறிடுச்சு. விஷயமும் போன மாசம்தான் ஒரு கட்டத்துக்கு வந்துச்சு.

திண்டுக்கல்காரனுக்கும் கப்பலுக்கும் என்னய்யா சம்பந்தம்னு கேப்பீங்க. நியாயம்தான். எங்க குடகனாத்துல காகிதக் கப்பல் விடணும்னாலே நாலு மழை பெய்யணும். ஆனா வேடசந்தூர் பக்கம் இருக்கிற நூல் மில்லு ஒண்ணுல ஏற்றுமதி செக்‌ஷன்ல 22 வருஷமா உக்காந்திருக்கேன். இத்தனை வருஷத்துல ஒரு கப்பல்லயும் கால் வெச்சதில்ல. துறைமுக மதில் சுவருக்கு மேல கிரேன் தலை தெரியும், அதைப் பார்த்திருக்கேன். அவ்வளவுதான். ஆனா கப்பல் பேரு சொல்லாம ஒரு நாள் போகாது.

எங்க மில்லுல லோடு ஏத்தி கன்டெய்னருக்கு சீல் அடிச்சா, மதுரை தாண்டி 200 கிலோமீட்டர் ஓடி தூத்துக்குடி போகும். அங்கிருந்து பெரும்பாலும் சின்னக் கப்பல்ல கொழும்பு. கொழும்புல பெரிய கப்பலுக்கு மாறும். இதைக் கேட்டா ஏதோ லாரியும் கப்பலும்தான் வேலை செய்யுதுன்னு தோணும். நடுவுல எத்தனை பேரு தெரியுமா? கஸ்டம்ஸ் வேலை பார்த்துக் குடுக்கிற சி.எச்.ஏ. (இப்ப கஸ்டம்ஸ் புரோக்கர்ங்கறாங்க, எங்க வாயில சி.எச்.ஏ.தான் வருது), கன்டெய்னரை வாங்கி வைக்கிற சி.எஃப்.எஸ்., கப்பல்ல இடம் பிடிக்கிற ஃபார்வர்டர், சரக்கு ஏத்தி இறக்குற ஸ்டிவிடோர், சேதம் இருக்கான்னு பாக்குற சர்வேயர், கப்பலுக்கு அரிசி, காய்கறி, கயிறு, பெயின்ட் கொண்டு போற சாண்ட்லர், ஊருக்குப் புதுசா வர்ற கப்பலுக்கு எல்லாம் பண்ணிக் குடுக்கிற கப்பல் ஏஜென்ட். 2016 ஜூலையிலிருந்து கன்டெய்னரோட எடையை நாம எழுதிக் குடுத்தாத்தான் கப்பல்ல ஏத்தணும்னு சர்வதேச விதி வந்துச்சு. அன்னிக்கு எடைமேடைக்காரனும் இந்தக் கூட்டத்துல சேந்துட்டான்.

இவ்வளவு பேரையும் சமாளிக்க நான் கத்துக்கிட்டது ஒரே ஒரு கேள்விதான்: இவன் பில்லு யாருக்கு? சி.எச்.ஏ. எனக்கு பில்லு போடுறான், அதனால அவன் என் ஆளு. கப்பல் ஏஜென்ட் துறைமுகச் செலவையெல்லாம் கணக்கெழுதி கப்பல் முதலாளிக்கு அனுப்புறான், அதனால அவன் கப்பலோட ஆளு. எங்கிட்ட எவ்வளவு இனிமையா பேசினாலும் அவன் என் ஆளு இல்ல. இந்த வித்தியாசம் புரியறதுக்கு முன்னாடி ரெண்டு தடவை மேனேஜர்கிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டேன். அது தனிப் பதிவு :-)

சரி, மேட்டருக்கு வர்றேன்.

2023 ஆடி மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை. சித்தப்பா மகன், எனக்குத் தம்பி, நிலக்கோட்டையிலிருந்து வந்தான். மல்லி வெவசாயம். கையில ஒரு பிளாஸ்டிக் ஃபைலு. கூடவே அவன் மகன். பையனுக்கு அப்ப 19 வயசு, பிளஸ் டூவுல காமர்ஸ்.

"அண்ணே, இவனுக்குக் கப்பல்ல வேலை அமைஞ்சிருச்சுண்ணே"ன்னான். முகமெல்லாம் சிரிப்பு. தங்கமணி காப்பியோட ஒரு தட்டுல சீடையும் கொண்டாந்து வெச்சாங்க.

ஃபைலைப் பிரிச்சேன். சென்னையில ஒரு ஏஜென்ட்டு. பத்து நாள் பயிற்சி, அப்புறம் ஷார்ஜாவுல போய் கப்பல் ஏறணும். விசிட் விசா. மொத்தம் நாலரை லட்சம். அட்வான்ஸ் 60,000 குடுத்தாச்சு. மிச்சத்துக்கு வீட்டு நகையை வங்கியில வெக்கப் போறான், வர்ற வழியில எங்கிட்டயும் ஒரு லட்சம் கைமாத்து கேக்க வந்திருக்கான். லெட்டர்ஹெட்ல நங்கூரம் படம், ஆர்.பி.எஸ்.எல். நம்பரு, ரெண்டு சீலு. பார்க்க எங்க மில்லு லெட்டர்ஹெட்டை விட நல்லாருந்துச்சு.

எனக்குக் கப்பல் ஆளெடுப்பு பத்தி அப்ப ஒண்ணும் தெரியாது. சரக்குதான் தெரியும். ஆனா பழக்க தோஷம், அந்தக் கேள்வி வந்துருச்சு. இவன் பில்லு யாருக்கு? கப்பலுக்கு ஆள் புடிச்சுக் குடுக்கிற கம்பெனின்னா அது கப்பல்காரனுக்குச் செய்யற சேவை. அப்ப காசு கப்பல்காரன்ட்ட இல்ல வாங்கணும்? நம்ம பையன்ட்ட ஏன் வாங்குறான்?

தூத்துக்குடியில ஒரு கப்பல் ஏஜென்ஸியில இருக்கிற அண்ணாச்சிக்குப் போன் போட்டேன். பதினஞ்சு வருஷமா போன்லயே பழக்கம். ஞாயித்துக்கிழமைன்னும் பாக்காம எடுத்தாரு. விஷயத்தைச் சொன்னதும் அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்ல.

"அண்ணாச்சி, எவ்வளவு கேக்கான்?"

"நாலரை."

"பையனை நகத்தக்கூட அசைக்க விடாதீய. நான் சொல்லுதத கேளுங்க. ஏறுத ஆளுட்ட ஏத்துத ஆளு காசு வாங்கக் கூடாது. சட்டமே அதான். அந்த லைசென்ஸ் நம்பர டி.ஜி. ஷிப்பிங் தளத்துல போட்டுப் பாருங்க."

பார்த்தோம். கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம்னு ஒண்ணு மும்பையில இருக்கு, அதைத்தான் டி.ஜி. ஷிப்பிங்னு சொல்றது. மாலுமிகளை வேலைக்கு எடுத்து அனுப்புற கம்பெனி ஒவ்வொண்ணும் அவங்ககிட்ட ஆர்.பி.எஸ்.எல். லைசென்ஸ் வாங்கணும், வங்கி உத்தரவாதமும் குடுத்திருக்கணும். லைசென்ஸ் உள்ள கம்பெனி பட்டியல் அந்தத் தளத்துலயே இருக்கு. நம்பரும் இருந்துச்சு! தம்பி நிமிர்ந்து உக்காந்தான். ஆனா அதுல முகவரி மும்பை. மெயில் வேற, போன் வேற. மறுநாள் காலையில பட்டியல்ல இருந்த நம்பருக்கே பேசினேன். ஒரு அம்மா எடுத்தாங்க. எங்களுக்குச் சென்னையில கிளையே கிடையாது, இப்படிக் கேட்டு வர்ற போன் இது முதல் தடவையும் இல்லைன்னாங்க. எவனோ அவங்க நம்பரைத் திருடிப் போட்டிருக்கான்.

இந்த இடத்துல தம்பி எனக்கு நன்றி சொன்னான்னு எழுதணும்னு ஆசைதான். அவன் சொன்னது வேற.

"உன் மகன் பெங்களூர்ல ஏசில உக்காந்துருக்கான். என் மகன் மட்டும் காலங்காத்தால நாலு மணிக்கு பூ எடுக்கணுமாண்ணே?"

சொல்லிட்டு ஃபைலை எடுத்துக்கிட்டுக் கிளம்பிட்டான். பையன் மட்டும் வாசல்ல நின்னு திரும்பிப் பார்த்தான். எனக்கு அன்னிக்கு ராத்திரி சோறு இறங்கல. ஏன்னா அவனுக்குக் கப்பல் பைத்தியம் புடிச்சதுக்குக் காரணமே நான்தான். சின்னப் பையனா லீவுக்கு வருவான், என் போன்ல கப்பல் இருக்கிற இடம் காட்டுற படத்தைத் திறந்து, "இந்தா பாரு, இந்தப் புள்ளிக்குள்ளதான் பெரிப்பா அனுப்புன நூலு இருக்கு"ம்பேன். வாயைத் திறந்துக்கிட்டு பார்ப்பான்.

அந்த வாரம் உக்காந்து படிச்சேன். 2006-ல ஜெனீவாவுல கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கைன்னு ஒண்ணு போட்டாங்க. 2013 ஆகஸ்டுல நடைமுறைக்கு வந்துச்சு, இந்தியா 2015-ல ஏத்துக்கிச்சு. அதுல ஆளெடுப்பு பத்தித் தெளிவா இருக்கு: வேலைக்குன்னு மாலுமிகிட்ட நேராவோ சுத்தி வளைச்சோ காசு வாங்கக் கூடாது. மாலுமி தன் கைக்காசு போடவேண்டியது மூணுக்குத்தான். மருத்துவச் சான்றிதழ், மாலுமிப் புத்தகம் (நம்மூர்ல சி.டி.சி.), பாஸ்போர்ட் மாதிரி பயண ஆவணம். விசா செலவுகூட கப்பல் முதலாளி தலையில. நம்ம நாட்டு 2016 விதிகளும் காசு வாங்கக் கூடாதுன்னுதான் சொல்லுது. பயிற்சிக் கல்லூரி ஃபீஸ் வேற கணக்கு, அது படிப்புக்குக் குடுக்கிறது. படிப்பையும் வேலையையும் ஒரே கட்டாக் கட்டி ஒரு தொகை சொன்னான்னா அங்கதான் பார்க்கணும்.

காசு போனா மட்டும் பரவாயில்லையே, தலை முழுகிட்டு வந்துரலாம். இந்த வழியில நிஜமாவே கப்பல் ஏறிட்டா என்ன ஆகும்ங்கிறதுதான் பயம். எம்.டி. இபான்னு ஒரு சின்ன டேங்கர். முதலாளிக்குப் பண நெருக்கடி, ஆளுங்களோட அப்படியே விட்டுட்டாரு. அஞ்சு பேரு வருஷக்கணக்குல சம்பளம் இல்லாம அதுக்குள்ளயே கிடந்தாங்க, அதுல இந்தியர்களும் உண்டு. 2021 ஜனவரியில அலை அடிச்சு கப்பல் உம் அல் குவைன் கடற்கரையில தரை தட்டினப்பதான் உலகத்துக்கே அவங்க முகம் தெரிஞ்சுச்சு. இந்தப் பையனை அனுப்பறேன்னு சொன்ன ஷார்ஜாவுக்குப் பக்கத்துலதான் அந்த ஊரு. இது ஏதோ ஒண்ணு ரெண்டுன்னு நினைக்காதீங்க. சர்வதேசப் போக்குவரத்துத் தொழிலாளர் கூட்டமைப்பு (ஐ.டி.எஃப்.) கணக்குப்படி 2024-ல மட்டும் 300 கப்பலுக்கு மேல, 3,000 பேருக்கு மேல இப்படிக் கைவிடப்பட்டிருக்காங்க. நாட்டு வாரியாப் பார்த்தா நம்ம ஆளுங்கதான் அதிகம்.

அண்ணாச்சிகிட்ட இதைப் பேசினப்ப அவரு தூத்துக்குடிக் கதையவே எடுத்தாரு. சீமேன் கார்டு ஓகையோ ஞாபகம் இருக்கா? கடற்கொள்ளைக்காரங்ககிட்டயிருந்து வணிகக் கப்பலைக் காப்பாத்த ஆயுதக் காவலர்களை வெச்சிருந்த தனியார் கம்பெனிக் கப்பல். அதுவும் கப்பல் தொழிலுக்குச் சேவை செய்யற கம்பெனிதானே. 2013 அக்டோபர்ல ஆயுதத்துக்கு உரிய காகிதம் இல்லைன்னு தூத்துக்குடியில வழக்கு. 35 பேரு. பிரிட்டன்காரங்க, எஸ்டோனியாக்காரங்க, உக்ரைன்காரங்க, 12 இந்தியர்கள். 2016-ல அஞ்சு வருஷம் தண்டனை, 2017 நவம்பர்ல மதுரை உயர்நீதிமன்றக் கிளை எல்லாரையும் விடுதலை பண்ணுச்சு. "நாலு வருசம் அண்ணாச்சி. அதுல சும்மா டெக்கு கழுவுத வேலைக்கு வந்த பயலும் உண்டு. எந்தக் கம்பெனி, எந்தக் கப்பலு, என்ன காயிதம்னு பாக்காம ஏறக் கூடாது"ன்னாரு.

தம்பி பத்து நாள் பேசல. பதினோராவது நாள் பையன்தான் போன் பண்ணினான். ஏஜென்ட்டுக்குக் குடுக்க வேண்டிய மிச்சக் காசைத் தரமாட்டேன்னு அவனே சொல்லிட்டானாம். ஏஜென்ட் மிரட்டியிருக்கான், சீட்டு போயிரும், அட்வான்ஸும் வராதுன்னு. போலீஸ்ல புகார் குடுத்தோம், டி.ஜி. ஷிப்பிங்குக்கும் மெயில் போட்டோம். ஸ்டேஷன்லயிருந்து ஒரே ஒரு போன் போச்சு, அந்த மாசமே 30,000 மூணு தவணையா வந்துச்சு. மிச்ச 30,000 வரவே இல்ல. அந்த நம்பர் இப்ப உபயோகத்துல இல்லைன்னு வருது.

பையன் ஆசையை விடல. காமர்ஸ் படிச்சதால அதிகாரி ஆகுற படிப்புக்கு வழியில்ல, அதுக்குக் கணக்கும் இயற்பியலும் வேதியியலும் வேணும், நுழைவுத் தேர்வும் எழுதணும். பத்தாவது மார்க்கை வெச்சுச் சேர்ற ஜி.பி. ரேட்டிங்னு ஆறு மாச படிப்பு இருக்கு. டி.ஜி. ஷிப்பிங் அங்கீகரிச்ச கல்லூரியாப் பார்த்து 2024-ல சேர்ந்தான். ஃபீஸ்ல ஒரு பங்கு நான் குடுத்தேன், தம்பி வேண்டாம்னு சொல்லிச் சொல்லி வாங்கிக்கிட்டான். தீ அணைக்கிறது, தண்ணியில குதிக்கிறது, கயிறு கட்டுறது எல்லாம் பழகி, முடி ஒட்ட வெட்டிக்கிட்டு வந்தான். சி.டி.சி.யும் கையில வந்துருச்சு.

அதோட கதை சுபம்னு நினைச்சீங்கன்னா இல்ல. சரியான வழியில போனவனுக்கும் கப்பல் உடனே கிடைக்கறதில்ல. படிச்சு முடிச்சு வெளிய வர்ற பசங்க எக்கச்சக்கம், முதல் கப்பல் குடுக்கிற கம்பெனி கம்மி. அந்தக் காத்திருப்புலதான் ஏஜென்ட்டுங்க மறுபடியும் வலை வீசுறாங்க. வாட்ஸப் குரூப்புல வாரம் ரெண்டு வருதாம். பையன் காலையில பூ எடுப்பான், மத்தியானம் மும்பைக் கம்பெனிகளுக்கு வரிசையா மெயில் போடுவான். ஒவ்வொரு கம்பெனியையும் பட்டியல்ல பார்த்துட்டுத்தான் போடுவான், அது மட்டும் எனக்குச் சந்தோஷம்.

போன மாசம் ஒரு ராத்திரி பத்து மணிக்கு தம்பி போன். குரல்ல படபடப்பு. மும்பையில ஒரு கம்பெனி பையனைக் கூப்பிட்டு வீடியோவுல இன்டர்வியூ பண்ணியிருக்கு, மெடிக்கல் எடுக்கச் சொல்லியிருக்கு, கப்பல் பேரையும் சொல்லியிருக்கு.

"நல்ல விஷயம்தானடா, எதுக்கு இந்தப் படபடப்பு?"

"இல்லண்ணே, காசே கேக்க மாட்டேங்குறாய்ங்க. நம்பலாமா?"

அண்ணாச்சி நம்பரை அவனுக்கு அனுப்பி வெச்சேன்.